நல்லி எலும்பும் நான்கு மாதக் குட்டியும்

போன இதழில் பெரிய சாதி நாய்க்குட்டி வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையை எங்கள் தெருக்காரர் ஒருவர் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். அவர் வீட்டில் நான்கு மாத ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி இருக்கிறது. சோபாக் காலையும் பிள்ளைகளின் செருப்பையும் கடித்துக் குதறும் குட்டிக்கு என்ன கொடுப்பது என்று தவித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். கட்டுரையைப் படித்ததும் வழி கிடைத்துவிட்டது என்று நம்பினார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அரைக் கிலோ நல்லி எலும்பு வாங்கி, குக்கரில் வேகவைத்து, ஆறவைத்துக் குட்டியின் தட்டில் போட்டார். தற்செயலாக நான் அங்கே போயிருந்ததால் எடுத்துவிட முடிந்தது. அதே கட்டுரையைப் படித்த மற்ற வீடுகளில் எடுக்க ஆள் இருந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளரின் வாதத்தை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். நம் தாத்தாக்கள் வளர்த்த நாய்கள் எலும்பு தின்றே வளர்ந்தன, ஒன்றும் ஆகவில்லை. நாய் ஓநாயின் வழிவந்தது, எலும்பு அதன் பிறவி உணவு. பெரிய சாதிக் குட்டி வேகமாக வளர்வதால் அதற்குக் கால்சியம் கூடுதலாக வேண்டும், எலும்பே அதைக் கொடுத்துவிடும். கடினமானதைக் கடித்தால்தான் தாடை உரம் பெறும். ரப்பர் பொம்மை வெறும் வியாபாரம். எலும்பு, கொம்பு, தோல் என்று இயற்கை கொடுத்ததே போதும். இவ்வளவையும் ஒரு 'ஒருவேளை' கூடச் சேர்க்காமல் எழுதியிருக்கிறார். குட்டிக்கு என்ன வயது, என்ன எடை, எலும்பு பச்சையா வெந்ததா, எந்த அளவு, யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. உயிருள்ள ஒன்றின் வாயில் எதைப் போடுவது என்று பிறருக்குச் சொல்ல உட்கார்ந்தவர் இப்படி எழுதக் கூடாது.

தாத்தாவிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கும் தாத்தா இருந்தார். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டம். அங்கே எப்போதும் இரண்டு ராஜபாளையம் நாய்கள் இருக்கும். 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட அதே வெள்ளை நாய், இளஞ்சிவப்பு மூக்கு, இடுப்பளவு உயரம். கோயில் கொடைக்குக் கிடா வெட்டினால் இரண்டு நாள் எலும்புதான் அவற்றுக்குச் சாப்பாடு. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நானும் நெடுநாள் நம்பினேன்.

ஆனால் அதில் ஒரு நாய்க்குக் கண்ணுக்குக் கீழே ஒரு புண் இருந்தது. ஆறும், பிறகு வீங்கும், வெடித்துச் சீழ் வடியும், மறுபடி ஆறும். பாட்டி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவாள். முள் குத்தியிருக்கும் என்றார்கள், பன்றி முட்டியிருக்கும் என்றார்கள். இருபது ஆண்டு கழித்து ஒரு கால்நடை மருத்துவர் நாயின் மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார். மேல்தாடையில், இறைச்சியை வெட்டுவதற்கென்றே அமைந்த பெரிய கடைவாய்ப்பல் ஒன்று இருக்கிறது. அதன் வேர் கண்ணுக்கு நேர் கீழே போய் முடிகிறது. அந்தப் பல் பிளந்து வேரில் சீழ் பிடித்தால், சீழ் கன்னத்தை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். எங்கள் நாய் உடைந்த பல்லோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறது. வலித்த பக்கத்தை விட்டு மறுபக்கத்தால் மென்று, வாலையும் ஆட்டிக்கொண்டு, எங்களுக்குக் காவலும் இருந்திருக்கிறது. நாங்கள் கன்னத்தில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்கள் ஒருவரும் அந்த நாய்களின் வாயைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை. இரண்டு நாள் வாந்தி எடுத்துச் செத்த நாயைப் பாம்பு தீண்டிவிட்டது என்றும் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றும் சொல்லிக் கிணற்றடியில் புதைத்தோம். வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

கணக்கெடுத்துப் பார்த்த இடத்தில் நிலவரம் வேறு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரிலிருந்து 2017 செப்டம்பர் வரை தனக்கு வந்த புகார்களைத் தொகுத்தது. கடையில் பாக்கெட்டில் விற்கும், சுட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய எலும்புகளைப் பற்றி மட்டும் ஏறத்தாழ 68 புகார்கள். பாதிக்கப்பட்ட நாய்கள் 90 அளவில். இறந்தவை 15. தொண்டையில் சிக்கியது, குடல் அடைத்தது, வாயும் ஈறும் கிழிந்தது, ஆசனவாயில் இரத்தம் என்று வரிசையாக இருக்கிறது. புகார் எழுதும் அளவுக்கு முனைந்தவர்களின் கணக்கு மட்டுமே இது.

ஓநாய் வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. காட்டு விலங்குகள் எலும்பு கடித்துப் பல்லுக்கு ஒன்றும் ஆகாமல் வாழ்கின்றன என்பது கற்பனை. பிளேர் வான் வால்கன்பர்க் என்ற ஆய்வாளர் பெரிய ஊனுண்ணிகளின் மண்டையோடுகளைப் பல்வேறு அருங்காட்சியகங்களில் பார்த்து 1988-இல் எழுதினார். ஏறத்தாழ நான்கில் ஒரு விலங்குக்குப் பல் உடைந்திருந்தது. எலும்பை அதிகம் கடிக்கும் இனங்களில் அது இன்னும் கூடுதல். ஓநாய்க்கு வேறு வழி இல்லை, கடிக்கிறது, உடைத்துக்கொள்கிறது. நம் வீட்டுக் குட்டிக்குத் தட்டு வைப்பவர்கள் நாம். நமக்கு வழி இருக்கிறது.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முத்து என்று ஒரு ராஜபாளையம் பெட்டை வளர்த்தேன். ஐந்து மாதமாக இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழம்பில் வெந்த நல்லியைக் கழுவி நானே போட்டேன். நல்லி எப்படி வெட்டுவார்கள் என்று தெரியும்: தொடை எலும்பைக் குறுக்கே வெட்டினால் வளையம். நடுவே மஜ்ஜை. முத்து மஜ்ஜையை நக்கி எடுக்கக் கீழ்த்தாடையை அந்த வளையத்துக்குள் விட்டாள். வளையம் கோரைப்பற்களைத் தாண்டி வழுக்கிப் பின்னால் போய் நின்றது. உள்ளே போகும்போது வழிவிட்ட பல், வெளியே வரும்போது தடுத்தது. நான் சமையலறையிலிருந்து சத்தம் கேட்டு வந்தபோது அவள் இரண்டு முன்னங்கால்களாலும் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு, பின்னாலேயே நடந்து, சுவரில் மோதிக்கொண்டிருந்தாள். எச்சிலும் இரத்தமும் தரையெல்லாம். வளையத்துக்கு முன்னால் இருந்த உதடு ஊதா நிறத்தில் வீங்கத் தொடங்கிவிட்டது. எண்ணெய் தடவி இழுத்தேன். என் கையைக் கடித்தாள். அதுவரை என்னைக் கடித்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா மயக்க ஊசி போட்டு, மாவுக்கட்டு வெட்டும் ரம்பத்தை எடுத்தார். எலும்புக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு ஸ்பூன் காம்பை நுழைத்துப் பிடிக்கச் சொன்னார், ரம்பம் வழுக்கினால் தாடை தப்புவதற்காக. நான் பிடித்துக்கொண்டேன். எலும்பு சூடேறித் தீய்ந்த வாசனை வந்தது. முக்கால் மணி நேரம். வளையம் இரண்டாக விழுந்தபோது அதன் உள்விளிம்பில் ஈறுத் தோல் ஒட்டியிருந்தது. டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. மாதத்தில் இரண்டு வரும், பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில் என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு துண்டும் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

கட்டுரையாளர் வெந்த எலும்பைப் பற்றி எச்சரித்திருந்தால்கூட இந்தக் கோபத்தில் பாதி குறைந்திருக்கும். கோழி எலும்பு வெந்தால் ஊசிபோலச் சிம்பாய்ப் பிளக்கும் என்பது எந்தக் கால்நடை ஆஸ்பத்திரி வாசலிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். நம் வீடுகளில் நாய்க்குப் போகும் எலும்பு நூற்றுக்குத் தொண்ணூறு குழம்பில் வெந்த எலும்பு. பச்சை எலும்பு கொடுக்கலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள்கூட எந்த எலும்பு, எத்தனை நிமிடம், எந்த வயதில் என்று நிபந்தனை போட்டுத்தான் சொல்வார்கள்.

அடுத்தது தாடை உரம். இந்த வாதத்தில் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். குட்டிக்கு 28 பால்பற்கள். நான்காம் மாதத்தை ஒட்டி விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். முளைத்த உடனே அந்தப் பல் முற்றிவிடுவதில்லை. வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று முழுப் பல். உள்ளே சுவர் மெல்லியது, நடுவில் நரம்பும் இரத்தமும் ஓடும் கூழ் அகலமானது. எனாமலும் மனிதப் பல்லில் இருப்பதைவிட மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஆனால் அந்த வயதில் பெரிய சாதிக் குட்டியின் தாடை என்ன நிலையில் இருக்கிறது? ஆறு மாத லாப்ரடார் இருபது கிலோவை ஒட்டி இருக்கும். கிரேட் டேன் அதைவிட எவ்வளவோ கூடுதல். தாடையில் வலு வந்துவிட்டது, பல்லில் வரவில்லை. உரம் இல்லாதது எது என்று அவர் பார்க்கவே இல்லை. இந்த இடைவெளிதான் பெரிய சாதிக் குட்டியின் தனி ஆபத்து. கட்டுரையின் தலைப்பே பெரிய சாதி நாய் பற்றியது. அதைப் பற்றித்தான் உள்ளே ஒன்றும் இல்லை.

கடிக்கக் கொடுக்கும் பொருளுக்குக் கால்நடைப் பல் மருத்துவர்கள் சொல்லும் சோதனை எளிது. கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் அது குட்டியின் வாய்க்கு ஆகாது. இன்னொன்றும் சொல்வார்கள்: அந்தப் பொருளால் உங்கள் முழங்கால் சில்லில் ஓங்கி அடித்தால் தாங்குவீர்களா? மாட்டுக் குளம்பு, மான் கொம்பு, கெட்டி நைலான் எலும்பு, பதப்படுத்திய தொடை எலும்பு, இமயமலைப் பக்கம் இருந்து வரும் சுர்ப்பி என்ற கல் போன்ற பாலாடைக் கட்டி, ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் கட்டி, எல்லாம் இந்தச் சோதனையில் தோற்கும். கட்டுரையாளர் பரிந்துரைத்த பொருள்களில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

என்னைக் கொதிக்க வைத்தது கால்சியம் பத்தி. மற்ற இடங்களில் தவறு இருக்கிறது. இங்கே இருப்பது தீங்கு. பெரிய சாதிக் குட்டிக்குக் கால்சியம் எவ்வளவு போனாலும் நல்லது, மிஞ்சியதை உடம்பு வெளியே தள்ளிவிடும் என்கிறார். வளர்ந்த நாய்க்கு அது ஓரளவு சரி. அதன் குடல் தேவை பார்த்து உறிஞ்சும், மிஞ்சியதை விட்டுவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் அமையவில்லை. உள்ளே போகும் கால்சியத்தில் ஏறத்தாழப் பாதியை உறிஞ்சியே தீரும், வேண்டுமோ வேண்டாமோ. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேசவிங்கலும் அவருடன் இருந்தவர்களும் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். கூடுதல் கால்சியம் தின்ற குட்டிகளுக்குக் குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறும் வேலையே குழம்பியது. மூட்டுக் குருத்தில் கோளாறு, வளர்ச்சித் தட்டில் கோளாறு, கால் எலும்பில் வளைவு. பெரிய சாதிக் குட்டி சிறிய நாயைவிட மிக வேகமாக எடை போடும். அந்த வேகத்தில் எலும்பு வழி தவறினால் திருப்பிக் கொண்டுவர நாள் இல்லை.

இதை வைத்துத்தான் அமெரிக்காவில் தீவன நெறிகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிலோவோ அதற்கு மேலோ வரக்கூடிய குட்டிகளின் தீவனத்துக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஈரம் நீக்கிய எடையில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மற்ற நாய்களுக்கு அந்த வரம்பு 2.5. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய சாதிக் குட்டிக்கு வரம்பு குறைவு. கட்டுரையாளர் எழுதியதற்கு நேர் எதிர்.

எங்கள் ஊரில் ஒரு கிரேட் டேன் குட்டியைப் பார்த்திருக்கிறேன். நல்ல பாக்கெட் தீவனம், அதன்மேல் மருந்துக்கடையில் வாங்கிய கால்சியம் டானிக், அதற்கும் மேலே தினமும் எலும்பு. ஐந்தாம் மாதம் முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டில் வெளிப்பக்கம் திரும்பிவிட்டன. பாதம் வாத்தின் பாதம்போல் பரந்து கிடந்தது. எழுந்து நிற்கும், இரண்டு அடி வைக்கும், உட்கார்ந்துவிடும். வீட்டுக்காரர் கண் கலங்கி, டானிக்கைக் கூட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். அவரிடம் பாசத்துக்குக் குறைவில்லை. அவருக்குக் கிடைத்த அறிவுரை அப்படி.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். வெறும் சோறும், எலும்பில்லாத கறியும் மட்டும் தின்று வளர்ந்த குட்டிகளுக்குக் கால்சியம் பற்றாமல் எலும்பு மெலிந்து முறியும். அப்படிப்பட்ட குட்டிகளை நம் ஊர் மருத்துவர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். அதற்குத் தீர்வு, பெரிய சாதிக் குட்டிக்கென்று அளந்து செய்த தீவனம், அல்லது மருத்துவர் கணக்குப் போட்டுத் தரும் வீட்டுச் சாப்பாடு. தட்டில் போடும் எலும்பில் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் அளக்க முடியாது. உள்ளே போன தூளும் சில்லும் மறுநாள் சுண்ணாம்புக் கட்டியாக இறுகி, குட்டி முக்கி முக்கி அழும்போதுதான் கொஞ்சம் தெரியவரும்.

இயற்கை என்ற சொல்லுக்கு வருகிறேன். தோல் எலும்பு இயற்கையானது என்கிறார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டுத்தோலைச் சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறப்போட்டு மயிரை நீக்கி, இரண்டாகப் பிளப்பார்கள். மேல்படலம் செருப்புக்கும் பைக்கும் போகும். உள்படலத்தைக் கழுவி, வெளுத்து, சுருட்டி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு உலர்த்தினால் அதுதான் பெட் ஷாப்பில் தொங்கும் 'எலும்பு'. அதை இயற்கை என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது. சின்ன நாய் அதை மணிக்கணக்கில் நக்கி மெல்லும். பெரிய சாதிக் குட்டி அரை மணியில் ஊறவைத்து முடிச்சைப் பிடுங்கி அப்படியே விழுங்கும். வயிற்றில் அது ஊறிப் பருக்கும். எக்ஸ்ரேயில் எலும்புபோல் பளிச்சென்று தெரியாது.

பன்றிக் காதும் இயற்கைதான். 2019-இல் அமெரிக்காவில் நாய்க்கென்று விற்ற பன்றிக் காதுகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்று 34 மாநிலங்களில் 154 மனிதர்களைப் படுக்க வைத்தது. குட்டி கடிக்கும் அதே தரையில்தான் தவழும் குழந்தையும் இருக்கிறது. மான் கொம்பு பற்றி ஒரே வரி: நம் காட்டுப் புள்ளிமான், கடமான் கொம்பை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைக்கூடப் பார்க்காமல் ஒரு பத்திரிகையில் பரிந்துரை எழுதியிருக்கிறார்.

மாங்கொட்டையைவிட இயற்கையானது எது? வைகாசி, ஆனி மாதங்களில் எந்த நாய் ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பாருங்கள். சப்பிப் போட்ட கொட்டையை லாப்ரடார் குட்டி முழுசாக விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் தண்ணீரைக்கூட வாந்தி எடுத்து வந்து கிடக்கும். கடற்கரையில் சோளம் தின்றுவிட்டுப் போடும் கட்டையும் அப்படித்தான். குடலில் கரையாது, நகராது, வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். தேங்காய் மட்டையின் நாரும் திரண்டு உருண்டையாகும். ஒரு பொருள் மரத்தில் விளைந்ததா ஃபேக்டரியில் வந்ததா என்று குட்டியின் குடல் பார்ப்பதில்லை. பல்லை உடைக்குமா, தொண்டையில் நிற்குமா, விழுங்கினால் கரையுமா? கேட்க வேண்டிய கேள்வி இவ்வளவுதான். ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

அவர் சொன்னதில் ஒன்று சரி. கடைகளில் விற்பதில் பெரும்பகுதி குப்பை. கீச்சென்று கத்தும் பிளாஸ்டிக் பொம்மையைப் பெரிய சாதிக் குட்டி பத்து நிமிடத்தில் கிழித்து ஊதலை விழுங்கிவிடும். முடிச்சுக் கயிறு இழை இழையாகப் பிரிந்து உள்ளே போனால், குடலைச் சுருக்குப்பைபோலச் சுருக்கி அறுத்துவிடும். டென்னிஸ் பந்தின் மயிரில் மண் ஏறி உப்புத்தாள்போலப் பல்லைத் தேய்க்கும். வாய் பெரிதானதும் தொண்டையில் போய் அடைக்கும். ஆனால் குப்பை விற்கிறார்கள் என்பதற்காக நல்லியைப் போடு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ரப்பரை அவர் பழிப்பதால் அதன் கதையையும் சொல்கிறேன். 1970-களில் அமெரிக்காவில் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த ஃப்ரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு, கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மார்க்கம் பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பிரித்து வேலை பார்த்தபோது, கல்லிலிருந்து அதன் கவனத்தைத் திருப்ப ஏதேதோ எறிந்து பார்த்தார். வண்டியின் ரப்பர்ப் பாகம் ஒன்றை அந்த நாய் விடவே இல்லை. அதிலிருந்து பிறந்ததுதான் காங் என்ற உள்ளீடற்ற ரப்பர் பொம்மை. பெரிய நாயின் பல்லைக் காப்பாற்ற ஒரு நாய்க்காரர் கண்டுபிடித்த பொருள் அது. வியாபாரம் அதன் பின்னால் வந்தது.

நான் கொடுப்பது அதுபோன்ற ஒன்றுதான், குட்டிக்கான மிருதுவான ரப்பரில். உள்ளே வெறும் தயிர்ச் சாதம். தாளிப்பு இல்லை, உப்பு இல்லை, வெங்காயம் கட்டாயம் இல்லை. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பல் முளைக்கும் ஈறுக்குக் குளிர்ச்சி, அரை மணி நேரம் வேலை. வேர்க்கடலை வெண்ணெய் வைப்பவர்கள் பாட்டிலின் பின்பக்கம் சைலிட்டால் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வையுங்கள். அந்த இனிப்பு சிறிதளவு போனாலே நாய்க்குச் சர்க்கரை சரிந்துவிடும், கல்லீரலும் கெடும். பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி உறையவைத்தும் கொடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், நூல் பிரிந்தால் வாங்கிவிட வேண்டும். வாங்கும்போது பிடுங்காதீர்கள். கையில் வேறொரு தின்பண்டம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பிடுங்கிப் பழக்கினால், பிடுங்க வருவதற்குள் விழுங்கிவிட வேண்டும் என்று குட்டி கற்றுக்கொள்ளும்.

அளவுதான் பெரிய சாதிக் குட்டியின் எஜமானரை ஏமாற்றும். மூன்றாம் மாதம் வாய்க்குள் போகாத பந்து, ஐந்தாம் மாதம் கடைவாய்க்குப் பின்னால் போய் நிற்கும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, சிறிதானதையும் விரிசல் விட்டதையும் தூக்கிப் போட வேண்டும். விலை போட்டு வாங்கினோமே என்று வைத்திருக்கக் கூடாது.

பழைய செருப்பே போதும் என்ற கட்டுரையின் கடைசி யோசனைக்கு எங்கள் தெருக்காரரே பதில் சொல்லிவிட்டார். பழையதைக் கொடுத்தார். குட்டி புதியதையும் தின்றது. எது பழையது என்று அதற்கு யார் சொல்வது?

ஐயா, தாத்தாவையும் ஓநாயையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் பற்றி எழுதிய அந்தப் பத்தியை மட்டும் அடுத்த இதழில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், தவறு என்று எழுதித் திரும்பப் பெறுங்கள். எங்கள் தெருக்காரர் கட்டுரையை இன்னும் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கவில்லை. அச்சில் வந்ததை எப்படி ஐயா பொய் என்று சொல்வது என்று என்னைக் கேட்கிறார். அவர் குட்டிக்கு இந்த வாரம் முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது.